சந்தனம் பட்ட பிளாப்பி

சிவசண்முகம் பயந்த மனிதர். சின்ன விஷயத்துக்குமா என்று கேட்காதீர்கள்; அவருக்கு எல்லாமே பெரிய விஷயம்தான். கல்லூரி முதல்வர் அறை மணி அடித்தால் பயம், தணிக்கைக்காரர்கள் வந்தால் பயம், பாலத்து நடுவில் பஸ் நின்றால் பயம். இந்த மனிதரைக் கொண்டுபோய் ஆற்றை ஒட்டிய ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்களே, போட்டவர்களைச் சொல்ல வேண்டும். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். தொண்ணூற்றொன்றில் ஏ.சி. அறையும் கம்ப்யூட்டரும் வந்தபோது, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஆள் இவர் ஒருவர்தான். சாவியை இவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்ததில் முக்கால்வாசி பியூலாவினுடையது. உடன்குடிப் பெண், ஆராய்ச்சி மாணவி. பீடி சுற்றும் பெண்களுக்கு நெஞ்சு எப்படிக் கெட்டுப்போகிறது என்று ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவள். எத்தனை வருஷமாக இருமல், சளியில் ரத்தம் உண்டா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று ஆயிரக்கணக்கான பெண்களின் கதை. எழுதின தாளெல்லாம் கல்லூரியின் கீழ்த்தளத்தில் கிடந்து, தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் கூழாகிப்போனது. அதற்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளாப்பியில் ஒரு நகலும் எடுத்து வைத்திருந்தாள். ஊருக்கு ஒரு பிளாப்பி. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு அட்டை, உள்ளே மெல்லிய வட்டத் தகடு, அட்டையில் நீளமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் தகட்டைத் தொட்டுப் படிக்கும்.

மறுவருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பியூலா ஊருக்குப் போயிருந்தாள். சிவசண்முகம் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார், ஸ்டெபிலைசருக்குப் பொட்டு வைத்தார். அப்புறம் பிளாப்பிகள் இருந்த பீரோவைப் பார்த்தார். அந்த அறையில் ஏடு என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? விட்டால் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பிளாப்பிகளை உறையிலிருந்து எடுத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பி, ஒவ்வொன்றின் அட்டையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தகட்டில் படாமல்தான் வைத்தார். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் குழைந்துவிட்டது.

மறுநாள் துடைக்கும்போதுதான் பார்த்தார். ஓட்டைக்குள், தகட்டின் மேல், மஞ்சளாக ஒரு கோடு. அடுத்ததிலும் அப்படியே. காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் உறையில் போட்டுப் பூட்டினார். பியூலா வேதக்காரி வேறு, சர்ச்சுக்குப் போகிறவள்; கேட்காமல் பூசையில் வைத்ததை எந்த முகத்தோடு சொல்வது? கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்வரை நகலை யார் தேடப்போகிறார்கள்? தினமும் காலையில் வந்ததும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். அது சீராக உறுமினால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் உறுமல் கரகரவென்று மாறி, அப்படியே நின்றது. எத்தனை தடவை போட்டும் திரை கறுப்பாகவே இருந்தது. தேவசிகாமணி என்கிற மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததெல்லாம் போச்சு என்று கையை விரித்தார். பியூலா பதறவில்லை. நகல் இருக்கிறதே என்றாள். வேறு துறையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, பீரோவைத் திறந்து முதல் பிளாப்பியை எடுத்தாள்.

சிவசண்முகம் ஓரடி முன்னால் வந்தார். சும்மா இருந்தால் பிளாப்பி பழசு என்று பழி அதன்மேல் போய்விடும். ஆனால் அந்தச் சந்தனத்தோடு உள்ளே போனால் தகடு கீறிப்போகுமே, அப்புறம் எந்தச் சாமியாலும் மீட்க முடியாதே. அவள் கை பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"அதைப் போடாத தாயி," என்றார். "நான் பூசையில வச்சேன். சந்தனம் உள்ள போயிருக்கு."

"என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி? எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிளாப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேவசிகாமணிதான் ஒரு வழி சொன்னார். அட்டையின் ஓரத்தை பிளேடால் கீறித் தகட்டை எடுத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் அலசி, காற்றில் உலர்த்தி, புது அட்டைக்குள் நுழைத்துப் போட்டுப் பார்க்கலாம். வந்தால் அதிர்ஷ்டம். பியூலாவே கீறினாள், அலசினாள். குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார் என்று சிவசண்முகத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தகடும் சுற்றும்போது அவர் உயிரும் கூடவே சுற்றியது. பாபநாசம் வந்தது, கல்லிடைக்குறிச்சி வந்தது, சேரன்மகாதேவி வந்தது. கடைசியில் ஒன்று மட்டும் கரகரத்தது. மறுபடி கழுவினார்கள், மறுபடியும் கரகரத்தது. அது சீவலப்பேரி.

"நான் போயிக் கேட்டு எழுதிட்டு வாரேன்," என்றார் சிவசண்முகம். தெரியாத ஆளிடம் மணி கேட்கவே கூசுகிற மனிதர், தாள்கட்டோடு டவுன் பஸ் ஏறினார். வீடு வீடாக, உங்களுக்கு இருமல் உண்டா என்று கேட்டார். பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் சொன்னார்கள். முன்னாலேயே சொன்னோமே என்று சிரித்தார்கள். சிரிப்பைப் பார்த்து அவருக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது.

தெருவின் கடைசி வீட்டில், பியூலா முன்பு கேட்டு எழுதியிருந்த வடிவம்மாள் படமாகத் தொங்கினாள். போன தையில் போய்விட்டாளாம். அவள் புருஷன் மாடக்கண்ணு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இருமல் எப்போது ஆரம்பித்தது, ரத்தம் எப்போது கண்டது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் சிவசண்முகம். மாடக்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்கிட்ட அவ ஒண்ணும் சொன்னதில்ல சார். அந்தப் பிள்ளைட்டதான் எல்லாத்தையும் சொன்னா. ஒண்ணு விடாம எழுதிக்கிட்டுப் போச்சுல்லா, அங்கன உங்க காலேஜ்ல இருக்கும்." படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரு நாளைக்கு வாரேன். என்ன சொன்னான்னு எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

அவள் சொன்னதெல்லாம் அந்தச் சீவலப்பேரி பிளாப்பியோடு போயிருந்தது. சிவசண்முகம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வேறு என்ன செய்திருக்க முடியும் அவரால்?

அதற்கப்புறம் அவர் முதல்வர் மணிக்கும் பயந்ததில்லை, தணிக்கைக்கும் பயந்ததில்லை. ஓய்வு பெறும்வரை ஒரே பயம்தான். கல்லூரி வாசலில் வயசான ஆள் யாராவது வந்து நின்றால், மாடக்கண்ணுதானோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்.