லண்டனுக்குப் போன பிடியரிசி

லண்டனுக்குப் போய்த் தவிக்கும் ஆப்பிரிக்கர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று. அதற்காக பாறசாலை கிறிஸ்தவ சபைப் பெண்கள் நாங்கள், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, விற்ற காசை அனுப்பினோம். நன்றி சொல்ல அந்தச் சங்கத்து ஆப்பிரிக்கர் ஒருவரே வந்தார். பிடியரிசிப் பானையைப் பார்த்து அசந்துபோனார்.

ஊர் தமிழகத்தோடா கேரளத்தோடா என்று ஆண்கள் முட்டிக்கொண்டிருந்த காலம். வரவேற்புரை தமிழிலா மலையாளத்திலா என்று ஆலயத்துக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

“எலே மக்கா, அவருக்கு ரெண்டும் தெரியாதுலே!” என்று கத்தினேன். எவன் கேட்டான்? இழுத்த இழுப்பில் வரவேற்பு மாலை இரண்டு துண்டாயிற்று.

நான் ஆங்கில ஆசிரியை. விருந்தாளி என்னிடம் மெல்லச் சொன்னார்: “கவலைப்படாதீர்கள் சகோதரி. லண்டன் போனதும் உங்களுக்காகப் பிடியரிசி எடுக்கச் சொல்கிறேன்.”