அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது

போடிக்கு வந்த முதல் ஆண்டில் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்ட ஒரே ஆள், என் ஒன்றாம் வகுப்பில் இருந்த ஏழு வயதுப் பெண். அதையும் அவளாகக் கேட்கவில்லை. நான் அவளிடம் கேட்டதை என் குரலிலேயே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த அளவுக்கு ஆளில்லாமல் கிடந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு ஊரின் மேற்கே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார். வீட்டுக்காரம்மா நல்லவர். ஆனால் கல்யாணமாகாமல் தனியாக வேலை பார்க்கும் பெண்ணிடம் நெருங்கிப் பழகினால் தன் மகள்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும் என்று பயந்தாரோ என்னவோ, கிணற்றடி காலியாக இருக்கிறது, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சு வளராது. பள்ளியிலும் நான் ஒருத்திதான் பெண். நான் வந்தால் மற்ற வாத்தியார்கள் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பார்கள். மலைக்கு அங்கே பஞ்சமில்லை, எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் நிற்கும்.

ஜூன் மாதம் அந்தப் பெண்ணைச் சேர்க்க அவளுடைய அம்மா கூட்டிவந்தாள். அம்மாவுக்கு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பிரித்துப் போட வேண்டும். அப்பா மலைமேல் எஸ்டேட்டில். காய் எடுக்கத் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் கீழே இறங்க மாட்டார்.

அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது ஒரு மரியாதை. வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பது மாதிரி. சொல்லாமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. இந்த அம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"ஐயா, இத அடிக்காதீங்க. அடிச்சா எதுக்கு அடிச்சாங்கன்னு இதுக்குத் தெரியாது."

பெரிய வாத்தியாரின் முகம் மாறிவிட்டது. எங்கள் தலைமை ஆசிரியரை ஊரே பெரிய வாத்தியார் என்றுதான் சொல்லும். "அடிக்காம வளக்கணும்னா வீட்லயே வச்சுக்கிற வேண்டியதுதானே ஆத்தா" என்றார். சேர்த்துக்கொண்டார். ஆனால் மறக்கவில்லை.

அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மணிக்காகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். எண்ணுவதற்குக் கொடுத்த புளியங்கொட்டைகளை எண்ணாமல், பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைப்பாள். யாராவது காலால் தட்டிக் கலைத்துவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறுவாள். கேட்ட கேள்விக்குப் பதிலாக அந்தக் கேள்வியையே சொல்வாள், கேட்டவரின் குரல் மாறாமல்.

ஜூலையில் ஒருநாள் பெரிய வாத்தியார் பிரம்போடு வகுப்புக்குள் வந்தார். நேராக அவளிடம் போனார்.

"உன் பேரு என்ன?"

"உன் பேரு என்ன?" என்றாள், அவருடைய கரகரத்த தொண்டையிலேயே.

வகுப்பு சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பிரம்பு இறங்கியது.

"திமிரா?"

"திமிரா?"

மறுபடியும் அடி. அவர் கேட்கக் கேட்க அவள் சொல்ல, அவள் சொல்லச் சொல்ல அவர் அடிக்க, நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு அவள் தடித்துப்போன தன் கையை, வேறு யாருடையதோ போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா சொன்னது சரி. எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே இன்னும் இரண்டு முறை நடந்தது. பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. இடைவேளையில் அவள் காதருகே கெட்ட வார்த்தை சொல்வது, அவள் திருப்பிச் சொன்னதும் பெரிய வாத்தியாரிடம் ஓடுவது. நான்காம் முறை அவர் அவள் கையைப் பிடித்தபோது எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது.

"ஐயா, அதுக்குக் காது கேக்காதுங்க. உதட்டப் பாத்து அப்படியே சொல்லுது."

பிரம்பு அந்தரத்தில் நின்றது. "அடப் பாவமே" என்றார். உண்மையாகவே வருந்தினார். "செவிட்டுப் புள்ளயவா போட்டு அடிச்சேன்? மொதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்?" அன்று மாலை தன் கையால் அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் எல்லா வகுப்புக்கும் போய், அந்தச் செவிட்டுப் பிள்ளையைத் தொட்டவன் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகு அவள்மேல் ஓர் அடிகூட விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே ஓய்வு பெற்று வெகுநாள் கழித்துத்தான். அன்றைக்கு என்னிடம் இருந்தவை இரண்டே சொற்கள். திமிர் என்றால் அடிப்பார்கள், செவிடு என்றால் விடுவார்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அடிக்கக் கூடாது, அது தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். ஒரு காரணமும் இல்லாமல் ஒரு பிள்ளையை அடிக்காமல் விடலாம் என்பது எனக்கே அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் பயந்தாங்கொள்ளி.

பொய்யைச் சொல்வது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. காது கேட்காத பிள்ளை ஜன்னலுக்கு வெளியே மோர் விற்கிறவளின் குரலில் கூவினால் என்ன ஆவது? அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்றேன். அம்மாவையும் ஒருநாள் மாலை பள்ளி வாசலில் பிடித்து, நான் சொன்ன பொய்யைச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாதென்று பிள்ளையிடம் சொல்லிவைக்கச் சொன்னேன்.

 "எம்புள்ளைக்கு நல்லாக் காது கேக்கும் டீச்சர்" என்றாள். "அவுக மல ஏறிட்டா வீட்ல நானும் இதுவுந்தான். நாஞ் சொன்னதத் திருப்பிச் சொல்லும். வேற ஆரு இருக்கா எங்கூடப் பேச?"

"வீட்டில் பேசட்டும். இங்கே மட்டும் வேண்டாம்" என்றேன்.

இங்கே, அங்கே என்பதெல்லாம் நமக்கு. அவளுக்கு ஒரு விதி என்றால் விதிதான். இரண்டு வாரத்தில் படித்துக்கொண்டாள். என் விரல் உதட்டுக்குப் போவதற்கு முன்பே அவள் விரல் போய்விடும். புளியங்கொட்டையைக் கலைத்தாலும் அலறுவதில்லை. பிள்ளைகள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், செவிட்டுப் பிள்ளைக்குப் பேர் எதற்கு? அதற்குப் பதிலாகத் தோளைத் தட்டினார்கள். தொட்டால் அவளுக்கு ஆகாது. ஒவ்வொரு தட்டலுக்கும் உடம்பு விறைத்துப்போகும். சத்தமில்லாமல் விறைப்பாள். பெரிய வாத்தியாரும் அன்போடு தட்டுவார்.

பள்ளி விட்டபின் அம்மா கடையிலிருந்து வரும்வரை அவள் என்னோடுதான் இருப்பாள். யாரும் இல்லாத அந்த நேரத்தில் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். முதலில் உடனே திரும்பி வந்தது. கார்த்திகையில் மெதுவாக வந்தது. தை பிறந்து பள்ளி திறந்த அன்று, கேட்டதும் விரலை உதட்டில் வைத்தாள். நான் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். அறைக்குப் போனபின் அழுகை வந்தது. அவளுக்காக அழுதேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்காகத்தான் அழுதேன்.

பங்குனியில் அவளுடைய அம்மா வேலை நேரத்தில் பள்ளிக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஏலக்காய்த் தூசி.

"டீச்சர், ஒரு மாசமா வீட்லயும் பேசமாட்டேங்குது. நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். நீங்க சொன்னாக் கேக்கும். பேசலாம்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. சாயந்தரம் வீட்டுக்கு வெரசா வாங்க."

போனேன். ஒற்றை அறை வீடு. அவள் சுவரோரம் உட்கார்ந்து, அம்மா கடையிலிருந்து மடியில் கொண்டுவந்த வெடித்த காய்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"இனிமே பேசலாம் கண்ணு" என்றேன். "பேசு."

அவள் நிமிரவில்லை.

"டீச்சர்தான் சொல்றேன். பேசு."

அம்மாவும் சொன்னாள். "பேசு ஆத்தா." நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து அடங்கும்வரை சொன்னோம். அவள் கடைசிக் காயை வைத்துவிட்டு எழுந்து வந்து, அதுவரை யாரையும் தானாகத் தொட்டிராதவள், என் வாயின்மேல் தன் விரலை வைத்தாள்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடி பட்டிருந்தா ஆறியிருக்கும் டீச்சர்."

அது சரியில்லை. அடியும் ஆறாது, எனக்கு இப்போது தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எதிர்த்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

முழுப்பரீட்சைக்கு முன்பே அவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் அப்பாவோடு இருந்துகொள்வதாகவும், அங்கே பள்ளிக்கூடம் இல்லை, அதுவே நல்லது என்றும் அம்மா சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை.

பெரிய வாத்தியார் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டார். "பாவம் டீச்சர் அந்தப் புள்ள. நல்லவேள நீங்க சொன்னீங்க. இல்லாட்டி இன்னும் எத்தன அடி அடிச்சிருப்பேனோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நீக்கக் காரணம் என்ற இடத்தில் 'காது கேளாமை' என்று எழுதி, பதிவேட்டை என் பக்கம் தள்ளி, வகுப்பாசிரியர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டினார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேனாவை வாங்கி என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.