மத்திகிரி விலாசம்

ஓசூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மத்திகிரியில் புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். நான் ரங்கூனில் பிறந்தவன், பர்மா பாஸ்போர்ட். வீடு மாறினால் புது விலாசத்தைப் பதிய வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே எனக்கு யாரும் மிச்சமில்லை. வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், பிறகு நேரில் வந்து விசாரிப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் ஏட்டு.

வீட்டுக்காரர் முனியப்பா மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டே கேட்கிறார்.

"ஏன் ரங்கூன்காரரே, பொண்ணு பாக்க வர்ற வீட்டுல போலீசு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஒரு கையெழுத்துதாங்க."

"உங்க மேல தப்பில்ல. ஆனா இன்னிக்கே காலி பண்ணிடுங்க."

இப்போது பதிவதற்கு விலாசமே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறுகிறேன்.

மறுநாள் காலை தக்காளி லாரியில் கிளீனராகச் சேர்கிறேன். எங்கே குடியிருக்கிறாய் என்று டிரைவர் கேட்கவில்லை.