ஜிக்குக்குப் பூசிய பச்சை

அந்தத் திங்கட்கிழமை காலை பட்டறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: முதலாளி, அவர் மனைவி, வெல்டிங் செய்யும் பாய், நான். வராதவர் பொள்ளாச்சிக் கடைக்காரர். வருவதாகத்தான் சொல்லியிருந்தார். அவருக்குப் பதிலாக, அவருக்கு நாங்கள் அனுப்பிய பதினொரு சைக்கிள்களும் ஒரு மினி லாரியில் திரும்பி வந்தன.

முதலாளி போனில் அவரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நேர்ல வாரேன்னீங்களே?"

"வந்தா சண்ட போட்டுருவேனுங்க. அதான் வண்டிய மட்டும் அனுப்பிச்சேன். சந்தைக்குப் புடிச்சிட்டுப் போற மாடாட்டம் ஒரே பக்கமா இழுக்குதுங்க உங்க சைக்கிளு. எளநிக்காரரு ஒருத்தரு நாப்பது காய் கட்டிட்டுக் கெளம்புனாரு, நேரா வாய்க்காலுக்குள்ள போயிட்டாருங்க."

"அய்யோ, அடி கிடி பட்டுருச்சுங்களா?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. காயத்தான் இன்னும் பொறுக்கிட்டிருக்காங்க."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

கணபதிப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. சுமை தூக்கும் சைக்கிள் செய்கிறோம். பின்னால் நீளமான கேரியர், கனமான குழாய், ஒரு நாளைக்கு இரண்டு வண்டி. பால்காரர்களும் இளநீர்க்காரர்களும் வாங்குவார்கள். குழாய்களை ஒட்டி பிரேம் ஆக்குவது பாய் வேலை. பெயின்ட், ஸ்டிக்கர், அனுப்புவது எல்லாம் முதலாளியம்மா. டிப்ளமா முடித்து வந்த எனக்கு 'குவாலிட்டி' என்று ஒரு நாற்காலியும் ஒரு ரெஜிஸ்டரும் தந்திருந்தார்கள். ஒவ்வொரு பிரேமையும் பார்த்து, எண் எழுதி, 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரை அவர்களுக்காகப் படிவம் நிரப்புவது நான்தான். அதனால் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அதை நானே கவனித்ததில்லை. முதலாளியம்மா சொல்லித்தான் தெரியும்.

முதலாளி ஒரு சைக்கிளை எடுத்து முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். கையை லேசாகத் தளர்த்தியதுமே வண்டி இடப்பக்கம் சாய்ந்து தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது. இறங்கி வந்து என்னைக் கேட்டார்.

"தம்பி, ரெஜிஸ்டர்ல என்ன இருக்குது?"

"எல்லாமே சரின்னுதானுங்க இருக்குது. ஒவ்வொண்ணும் ஜிக்குல வெச்சுப் பாத்துத்தானுங்க எழுதினேன்."

ஜிக் என்பது ஓர் இரும்பு மேடை. குழாய்கள் அசையாமல் உட்கார அதில் மூன்று இருக்கைகள் உண்டு. அதில் பூட்டித்தான் பாய் வெல்டிங் வைப்பார். முடிந்த பிரேமை மறுபடி அதே ஜிக்கில் உட்கார வைத்து நான் சரி பார்ப்பேன்.

"அப்ப வெல்டிங்லதான் எங்கியோ இழுத்திருக்குது," என்றார் முதலாளி பாயைப் பார்க்காமலே. பிறகு காரமடைப் பக்கம் வெல்டிங் மட்டும் செய்து தரும் ஒரு பட்டறைக்குப் போன் போட்டார். மூன்று மணிக்கு ஆள் வந்து ஒரு பிரேமை மாதிரிக்கு எடுத்துப் போவதாகப் பேச்சு முடிந்தது. பாய் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வெல்டிங் வெளியே போனால் அவருக்கு இங்கே வேலை இல்லை. அவரிடம் யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாய் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உக்கடத்திலிருந்து வருகிறவர். எப்போதும் ஏதாவது கிண்டல் பேசுபவர் அன்று தன் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்தார்.

"இன்சினியரே, ஜிக்குல பாத்தது போதும். நூல் போட்டுப் பாருங்க."

"எதுக்குங்க பாய்? ஜிக்கவிடவா நூலு?"

"எனக்காகப் பாருங்க."

முதலாளியம்மா பூக்கட்டும் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "பாரு கண்ணு, மூணு மணிக்குள்ள பாத்துரு," என்றார் மெதுவாக.

பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் பார் இறங்கும் குழாயைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து கட்டினோம். நடுவில் நிற்கும் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். இன்னொரு பிரேம் எடுத்தேன். அதே ஐந்து. மூன்றாவதும் அதே.

"கை தப்புனா ஒண்ணு இப்பிடிப் போகும், ஒண்ணு அப்பிடிப் போகும்," என்றார் பாய். "அத்தனையும் ஒரே மாதிரி கோணுமா?"

அந்தப் பிரேமை ஜிக்கில் வைத்தேன். கனகச்சிதமாக உட்கார்ந்தது. நூலில் கோணல், ஜிக்கில் நேர். அப்படியென்றால் ஜிக்தான் கோணல். குனிந்து பார்த்தபோது பின்பக்க இருக்கையின் ஓரத்தில் பச்சை பெயின்ட் வழிந்து, கட்டிதட்டி, காய்ந்து நின்றது.

அதைப் பூசியது நான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் கழுவிப் பெயின்ட் அடித்தோம். டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர், கிரைண்டர் எல்லாம் பளபளவென்று நிற்க, ஜிக் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டின் பச்சை வாங்கிவந்து, ஒரு இடம் விடாமல், இருக்கைகளுக்கு உள்ளேயும் சேர்த்து இரண்டு கோட் அடித்தேன். மேலே சந்தனம், குங்குமம். "ஜிக்குக்குக் கல்யாணக் களை வந்திருச்சு," என்று அன்று எல்லோரும் மெச்சினார்கள். அதன் பிறகு செய்த முப்பத்துநான்கு பிரேமும் அந்தப் பெயின்ட் மேல்தான் உட்கார்ந்தன. நானும் அதே பெயின்ட் மேல் வைத்துத்தான் முப்பத்துநான்கு முறை 'சரி' எழுதியிருந்தேன்.

இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடால் சுரண்டினேன். பாலாடை மாதிரி உரிந்து வந்தது. வெர்னியர் அளவுகோலில் வைத்தால் முக்கால் மில்லிமீட்டர் தடிமன். இருக்கையில் முக்கால் மில்லி தூக்கினால் பிரேமின் அடுத்த முனை எங்கேயோ போய்விடுகிறது.

உரித்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போனபோது மணி இரண்டரை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"மொதலாளி, பாய் மேல தப்பில்லீங்க. பூசைக்கு நாந்தானுங்க ஜிக்குக்குப் பெயின்ட் அடிச்சுப்போட்டேன். உக்கார்ற எடத்துலயும் அடிச்சுப்போட்டேனுங்க."

அவர் அந்தப் பச்சைத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வருசம் படிச்சு இதானா தம்பி கத்துக்கிட்டே?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் வலித்தது. பிறகு எழுந்து நேராக வெல்டிங் மேடைக்குப் போனார்.

"பாய், மனசுல வெச்சுக்காதீங்க. அவசரப்பட்டுட்டேன்."

"அட, விடுங்க மொதலாளி. பூசைப் பொரி கடலையில பாதியத் தின்னது நானு. தப்புலயும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கறேன்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரமடைக்காரர் மூன்று மணிக்குச் சரியாக வந்தார். அவருக்கு டீ கொடுத்து, பெட்ரோலுக்குப் பணமும் கொடுத்து, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு கூப்புட்டனுங்க," என்று முதலாளி சமாளித்ததை நாங்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம்.

அந்த வாரம் முழுக்க நானும் பாயும், திரும்பி வந்த பதினொன்றையும் இன்னும் விற்காமல் பட்டறையில் இருந்த இருபத்துமூன்றையும் நிமிர்த்தினோம். நீளமான கம்பியை முன்குழாயில் விட்டு அவர் நெம்புவார், நான் நூல் பிடிப்பேன். "இன்னும் ஒரு மில்லிங்க பாய்." "இன்சினியர் சொன்னா சரி." "போதுங்க." "ரெஜிஸ்டர்ல எழுதீரட்டுமா, பச்சை மையில?" இப்படியே போனது. உண்மையில் எனக்கு அந்த வாரம் பிடித்திருந்தது. முப்பத்தொன்று நேரானது. மூன்று நிமிரவே இல்லை. அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டோம். சரிசெய்த வண்டிகள் போய்ச் சேர்ந்ததும், அடுத்த வாரம் புதன்கிழமை பொள்ளாச்சிக்காரர் மறுபடி போன் செய்தார். கைவிட்டு ஓட்டிப் பார்த்தாராம். எதிர் வீதி வரை நேராகப் போனதாம்.

இப்போது ஜிக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிரேமுக்கும் நூல்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு ஜிக்கின் காலில் ஒரு பொட்டுச் சந்தனம் மட்டும் வைத்தேன். அதையும் பாய் தூரத்தில் நின்று கண்காணித்தார்.

நிமிர்த்தும் வேலை முடிந்த அப்போதே, ரெஜிஸ்டரில் அந்த முப்பத்துநான்கு 'சரி'யையும் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டேன். செலவையும் அங்கேயே எழுதச் சொன்னார் முதலாளி. சம்பளத்தில் பிடிக்க மாட்டேன், ஆனால் எழுதி வை என்றார். லாரி வாடகை போக வர, திரும்ப அடித்த பெயின்ட், ஸ்டிக்கர், மூன்று பிரேம், வாய்க்காலில் போன இளநீர், காரமடைக்காரரின் பெட்ரோல், கடைசியாக நான் வாங்கிவந்த அந்த ஒரு டின் பச்சை: எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.