மெல்போர்னில் நான் நிறுத்திய மல்லாரி

1976, புனித வெள்ளி. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் மெல்போர்ன் போகும் பகல் ரயிலில் ஏறினேன். தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். உடன் வந்தவர் கென். ஓய்வு பெற்ற தபால்காரர்; பிளாக்டவுனில் என் அடுத்த தெருவில் குடியிருப்பவர். அவர் கையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், தோளில் ஒரு கேசட் ரிக்கார்டர்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. டிரம்மும் பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பும் மட்டுமே வாசித்துக்கொண்டு மைதானத்தில் அணிவகுத்து நடக்கும் குழுக்கள் இந்த நாட்டில் சில உண்டு. அவற்றின் போட்டி ஈஸ்டர் திங்களன்று மெல்போர்னில் நடக்க இருந்தது. நான் கும்பகோணத்துக்காரன், கல்லூரியில் என்.சி.சி. பாண்டில் பியூகிள் ஊதியவன். வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு சிட்னி வந்த முதல் வருஷம், பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் பியூகிள் சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்றேன். பக்கத்தில் நின்றிருந்த கென் தன் தெர்மாஸிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். அன்றிலிருந்து நான்கு வருஷமாக நாங்கள் ரசிகர்கள்.

ரசிகர்களுக்குள் இரண்டு கட்சி. குழு என்றால் பழைய மார்ச் இசைதான் வாசிக்க வேண்டும் என்பது ஒன்று. ஜாஸ், சினிமா, எதுவானாலும் வாசிக்கலாம் என்பது மற்றொன்று. கென் மார்ச் கட்சி. நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். புதிதாக வந்தவனுக்குப் பழசைப் புகழ்வதுதான் பத்திரம்.

ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. இந்தக் குழுக்களின் பியூகிளில் ஒரே ஒரு வால்வு. அதை அமுக்காமல் ஊதினால் ச, க, ப வரும். அமுக்கினால் ம, நி வரும். அந்த ஐந்து சுரமும் சேர்ந்தால் கம்பீர நாட்டை. கோவிலில் சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி அந்த ராகத்தில்தான். அலுவலகத்துக் கட்டம் போட்ட தாளில் மல்லாரியை பியூகிளுக்கு எழுதி, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். காட்டினால் சிரிப்பார்களோ என்று பயம்.

பத்தரை மணிக்கு மேல் கோல்பர்ன் வந்தது. கென் எனக்கு ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சுந்தர், நீ தங்கப்போகும் வீட்டுக்காரர் பெரிய ஆள் தெரியுமா? மெல்போர்ன் குழு இந்த வருஷம் அவர் கொடுத்த பாட்டோடுதான் மைதானத்துக்குள் நுழையப்போகிறது. உங்கள் கோவில் பாட்டாம். உனக்கு அந்த வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தாளே சங்கச் செயலாளர் டோரீன், அவள் எழுதியிருக்கிறாள்."

"என்ன பாட்டு?"

"மலாரி என்று ஏதோ பெயர்."

சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். காய்ந்த புல், செம்மறி ஆடு, வேலி, மறுபடி ஆடு. யாஸ் தாண்டியது, ஜூனீ தாண்டியது, ஆல்பரியில் மரே ஆற்றுப் பாலமும் தாண்டியது. எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. திருட்டுக் கொடுத்தவனைப் போல இருந்தது. நான் எதையும் வெளியே வைக்கவில்லையே, எப்படித் திருட முடியும் என்று புத்தி கேட்டது. வயிறு கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணி சுமாருக்கு ஸ்பென்சர் தெரு நிலையத்தில் இறங்கினோம். கென் தன் தங்கை வீட்டுக்குப் போனார். என்னை அழைத்துப்போகச் சிவஞானம் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், மெல்போர்னில் டிராம் கண்டக்டர்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ! பயணம் எல்லாம் சுகமோ?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கிளேட்டனில் இருந்த அவர் வீடு வரை இருபது கிலோமீட்டர். பழைய ஹோல்டன் காரில் வழி முழுக்கப் பேசினார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வீட்டில் அவர் மனைவி மனோ புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் வைத்துக் காத்திருந்தாள். சாப்பிடும்போது நானே கேட்டேன்.

"மல்லாரி விஷயம் எப்படி ஆரம்பிச்சது?"

"அதுவோ? குழுவுக்குச் சொல்லிக் குடுக்கிற பேரி எண்டவர் என்ர டிராமிலதான் வேலைக்குப் போறவர். ஒருநாள் ஒரு நாதஸ்வர டேப்பைக் குடுத்து, இதை உங்கட பிள்ளையள் வாசிப்பினமோ எண்டு கேட்டனான். அவர் ஓம் எண்டுட்டார். அவ்வளவுதான்."

"உங்களுக்கு சங்கீதம் தெரியுமா?"

"ஐயோ, எனக்கு ச-வும் தெரியாது, ப-வும் தெரியாது அண்ணை. கேட்டுப் பழக்கம், அவ்வளவுதான்."

நான் நான்கு வருஷம் பூட்டி வைத்ததை இந்த மனிதர் டிராமில் டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் செய்து முடித்திருக்கிறார். புட்டை அவசரமாக வாயில் அள்ளிப்போட்டேன். மனோ ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. குழு பயிற்சி செய்யும் மைதானம் கிளேட்டனிலிருந்து காரில் பத்து நிமிஷம். நாங்கள் இறங்கியதுமே "சிவா! சிவா!" என்று நான்கு பக்கமும் குரல். பெண்களும் பையன்களுமாக அறுபது பேர் இருப்பார்கள். டிரம் வரிசை "தகதகிட, தகதகிட" என்று வாயால் எண்ணிக்கொண்டு நின்றது. பழுப்புத் தலைமுடிப் பெண் ஒருத்தி ‘கி’யை அழுத்திச் சொன்ன விதத்தில் தவில்காரர் வீட்டுப் பிள்ளை தோற்றது.

பிறகு வாசித்தார்கள். ஐந்தெண்ணிக்கைக்கு நடந்தால் ஒவ்வொரு சுற்றும் மறு காலில் தொடங்கும். மார்ச்சுக்கு நடந்து பழகிய கால்கள் அவை. ஆனாலும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. வரிசை மெல்ல விரிந்து, நடுவே வழி விட்டு, மறுபடி சேர்ந்தது. வீதியில் தேர் திரும்பும்போது கூட்டம் ஒதுங்குவதைப் போல இருந்தது. நன்றாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றவன் நான். மிக நன்றாக இருந்தது. ஒரே ஒரு குறைதான் கண்டுபிடித்தேன். மத்யமம் ஒரு இழை தாழ்ந்து நின்றது. அது அந்தக் கருவியின் இயல்பு. ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் ரசிகர் சங்கக் கூட்டம். தேநீரும், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் இருந்தன. செயலாளர் டோரீன் அறுபது வயது அம்மாள். சீருடைகளைத் தைத்துக் கொடுப்பது அவர்தான். அதனால் அவர் சொல்லுக்குக் குழுவில் மதிப்பு உண்டு. பேச்சு உடனே சூடு பிடித்தது.

"பதினைந்து வருஷமாக ஒரே மார்ச்சோடுதான் இந்தக் குழு உள்ளே வருகிறது. என் மகன் அதற்கு நடந்தான், இப்போது பேத்தி நடக்கிறாள். அதை எதற்கு மாற்ற வேண்டும்?" என்றார் ஒரு முதியவர். அவர் குரல் உடைந்தது.

"அந்த மார்ச்சும் ஒரு காலத்தில் புதுசுதான்" என்றாள் ஒரு பெண். "பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தீர்களா? எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் விரும்பி வாசிக்கிறார்கள்!"

சங்கம் எதைச் சொன்னாலும் வாசிப்பதாகப் பேரி முன்பே ஒப்புக்கொண்டிருந்தாராம். கை தூக்கச் சொன்னபோது பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். டோரீன் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் இந்தியாவிலிருந்தே வந்தவர். இந்த இசை பிறந்த ஊர்க்காரர் என்று கென் சொல்கிறார். நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் செய்வது சரிதானா?"

எழுந்து நின்றேன். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. சிவஞானம் முன்வரிசையில் சிரித்த முகத்தோடு, தலையை ஆட்டி என்னை உற்சாகப்படுத்தினார். அந்தச் சிரிப்பு என்னை எரித்தது.

"நன்றாக வாசித்தார்கள்" என்று தொடங்கினேன். "ஆனால் ஒரு சுரம் தாழ்ந்து ஒலிக்கிறது. அது போகட்டும். இந்த இசை சுவாமி புறப்பாட்டுக்கு மட்டும் உரியது. விளையாட்டு மைதானத்தில் வாசித்தால் எங்கள் ஊரில் பலர் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்."

அவர்கள் நல்ல மனிதர்கள். இன்னொருவர் சாமியைப் புண்படுத்தக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மறுபடி கை எண்ணியபோது, புது இசைக்காகப் பேசிய பெண்ணே முதலில் மார்ச்சுக்குக் கை தூக்கினாள். பழைய மார்ச் என்று முடிவாயிற்று. கென் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கிளேட்டன் சிக்னலில் கார் நின்றபோது சிவஞானம் கேட்டார்: "அண்ணை, நீங்கள் சொன்னது உண்மையோ? ஆக்கள் பிழையா எடுப்பினமோ?"

"ஆமா. எடுத்துப்பாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. எனக்குத் தெரியாமல் பெரிய பிழை விட்டிருப்பன். நீங்கள் வந்தபடியால் தப்பினன்."

அவர் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். நன்றி சொன்னதற்கு என்ன செய்வது?

ஞாயிறு முழுக்க மழை. சிவஞானம் எனக்கு டிராமில் ஊர் சுற்றிக் காட்டினார். அவர் கூடவே இருந்ததால் யாரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. யாரா ஆற்றங்கரை, கடற்கரை, கண்காட்சி மண்டபம் எல்லாம் பார்த்தேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை.

திங்கள், பிற்பகல் இரண்டு மணி. மெல்போர்ன் குழு பழைய மார்ச்சோடு நுழைந்தது. கூட்டத்தில் பேசிய முதியவர் எழுந்து நின்று அழுதார். அது பொய்யான அழுகை இல்லை. பிள்ளைகளும் பிழையில்லாமல் நடந்தார்கள், ஆனால் சனிக்கிழமை நான் பார்த்த முகங்கள் அங்கே இல்லை. மூன்றாம் இடம் கிடைத்தது. சிவஞானம் கை சிவக்கத் தட்டினார்.

நாலரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பழுப்புத் தலைமுடிப் பெண் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு "தகதகிட" என்று ஆரம்பித்தாள். இன்னும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பியூகிள்கள் எழுந்தன. "சாமியைப் புண்படுத்தும் என்றார்களே" என்று ஒருவர் தயங்கினார். "இது மைதானம் இல்லையே, கார் நிறுத்துமிடம்தானே" என்றாள் அவள். சிவஞானத்தை நடுவே இழுத்து நிறுத்தினார்கள். அவர் குற்ற உணர்வோடு என்னைப் பார்த்தார், அனுமதி கேட்பவரைப் போல. கென் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். நான் ஒரு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு, சிவஞானம் காரைக் கிளப்பப் போன நேரத்தில், மனோ சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள்.

"அண்ணை, ஒண்டு சொல்லுறன், கோவிக்க வேண்டாம். எங்கட திருவிழாவில சாமிக்கு முன்னால நாதஸ்வரத்தில சினிமாப் பாட்டே வாசிக்கிறவை. ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை. கோயிலுக்குள்ள அது வரலாமெண்டால், கோயிலில இருந்து இது வெளியில போகக்கூடாதோ?"

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்.

"இவருக்கு நான் சொல்லேல்லை. இஞ்ச என்னை விட்டால் தமிழில மனம் விட்டுக் கதைக்க அவருக்கு ஆருமில்லை. நீங்கள் வாறியள் எண்டு ஒரு கிழமையா நித்திரையில்லாமல் இருந்தவர்." பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினாள். "போட்டு வாங்கோ. இடியப்பம் இருக்கு, மத்தியானத்துக்குள்ள சாப்பிடுங்கோ."

திரும்பும் ரயிலில் பெனல்லா தாண்டியதும் கென் அந்தக் கேசட்டைப் போட்டார். எதிர் இருக்கையில் வங்காரட்டாவுக்குப் போகும் ஒரு பெண்மணி கேட்டுவிட்டு, "அற்புதமாக இருக்கிறதே! நீங்களா இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது, அந்த நிமிஷத்திலும். "இல்லை. சிவஞானம் என்று ஒருவர், டிராம் கண்டக்டர்" என்றேன். அவள் இறங்கிப் போனதும் கென்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டி வைத்த தாள் உட்பட.

கென் கேசட்டை வெளியே எடுத்து உறைக்குள் வைத்தார். பிறகு, "எனக்கு அந்த மார்ச்தான் பிடிக்கும். ஆனால் இந்த வழியில் அது ஜெயித்திருக்கக் கூடாது" என்றார். போட்டி நிகழ்ச்சி நிரலின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து, பேனாவையும் எடுத்து நீட்டினார். "டோரீனுக்கு எழுது."

"வீட்டுக்குப் போய் எழுதுகிறேனே."

"வீட்டுக்குப் போனால் எழுதமாட்டாய்."

ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. நான் சொன்னது உண்மையில்லை, யாரும் புண்படமாட்டார்கள், பொறாமையால் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கென் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கடைசி வரியில் விரல் வைத்தார்.

"பொறாமைக்கு ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, சுந்தர்."

அந்தச் சொல்லை அதற்கு முன் நான் ஆங்கிலத்தில் எழுதியதே இல்லை. திருத்திக் கொடுத்தேன்.

டோரீன் அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தாராம். மறுபடி வாக்கெடுத்தார்கள், அடுத்த ஈஸ்டருக்கு மல்லாரி என்று முடிவாயிற்று. சிவஞானம் மூன்று மாதம் எனக்கு எழுதவில்லை. பிறகு ஒரு தபால் அட்டை வந்தது. வீட்டில் இடம் இருக்கிறது, வாங்கோ என்று ஒரே வரி.

அடுத்த ஈஸ்டருக்குப் போனேன். சிட்னியில் துறைமுகமும் வெயிலும் அதிகம், மெல்போர்னில் மழையும் டிராமும் அதிகம் என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. சிட்னியில் கென்னைத் தவிர என்னைப் பற்றி யாருக்கும் தப்பாக எதுவும் தெரியாது. மெல்போர்னில் அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்; தெரிந்துகொண்டே எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். குழு மல்லாரியோடு மைதானத்தில் இறங்கியபோது, கூட்டம் எழுந்து நின்று சிவஞானத்தைப் பார்த்துக் கை தட்டியது. என் வயிறு எரிந்தது. எரிந்தபடியே நானும் எழுந்து நின்று தட்டினேன்.