வெப்பமானி வராத நாளில் எடுத்த வருகைப் பதிவு

அரசு அலுவலகத்தில் விதிப்புத்தகத்தோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் புத்தகத்தின் இடத்தை இப்போது லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் பிடித்துக்கொண்டது. அதிலும் எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு.

குரங்கணியில் என் மைத்துனர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கிறார். உள்ளே எவ்வளவு சூடு என்பதை ஒரு பழைய லேப்டாப் காட்டும். யூஎஸ்பி வயரில் தொங்கும் வெப்பமானிதான் அதற்குக் கண். சூடு மிஞ்சினால் காயின் பச்சை வெளுத்துவிடும், விலை கிடைக்காது. மலையில் கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரி செத்த அந்த லேப்டாப் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பதற்குள் மைத்துனர் ஒரு டீ குடித்து முடித்துவிடுவார்.

"பெட்டியக் கொடுத்து விடு மாப்ளே. கெர்னலையே புதுசாத் தொகுத்துத் தர்றேன், வெரசா எந்திரிக்கும்" என்றேன். லேப்டாப் ஜீப்பில் இறங்கி, போடியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கெர்னல்தான் லினக்ஸின் கரு; அதைத் தொகுக்கும்போது எந்தச் சாதனத்துக்கான நிரலைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஆயிரக்கணக்கில் கேள்விகள் வரும். பழைய கெர்னலுக்குச் சொன்ன பதில்கள் அந்த லேப்டாப்பிலேயே ஒரு கோப்பாக இருக்கும். அதை நகலெடுத்தால் புதிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நகலெடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'இப்போது வேலையில் இல்லாத சாதனங்களை நீக்கு' என்று ஒரு கட்டளை உண்டு. ஆள்குறைப்பு என்றால் எனக்குப் பழைய சபலம். பட்டியல் நன்றாக இளைத்தது.

பெட்டி திரும்ப மலையேறிய மறுநாளே அங்கிருந்து போன்.

"மச்சான், பெட்டி வெரசாத்தான் எந்திரிக்குது. சூடுதான் காட்ட மாட்டேங்குது. காயை வேற உள்ள போட்டாச்சு."

"வெப்பமானியைச் சரியாச் சொருகுனியா?"

"எப்பவும் நாந்தான சொருகுறேன். உங்களுக்கு அனுப்பயில கழட்டி இங்கயே வச்சுட்டேன்."

புரிந்தது. ஆள் குரங்கணியில் இருந்த நாளில் போடியில் வருகைப் பதிவு எடுத்து, பெயரை அடித்திருக்கிறேன்.

"சரி, எந்திரிக்கும்போது ஒரு பட்டியல் வரும். அதுல பழைய கெர்னலை எடு."

"அப்படி ஒண்ணும் வரலியே."

வராது. நேரம் மிச்சமாகட்டும் என்று அதை மறைத்ததும் நான்தான்.

அதை வரவழைக்கும் விசையைப் போனில் சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை; அடுத்த ஜீப்பில் ஏறினேன். மைத்துனர் ஸ்டோர் கதவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, கெர்னல் ஆபீசரே" என்றார், கையை எடுக்காமல். நான் விசையை அழுத்திப் பட்டியலை வரவழைத்துப் பழைய கெர்னலை எழுப்பினேன். திரையில் எண் வந்தது, கூடுதலாகவே. அவர் அடுப்பைத் தணிக்க ஓடினார். நான் பழைய பதில் கோப்பை மறுபடி நகலெடுத்து, யார் பெயரையும் அடிக்காமல், அங்கேயே உட்கார்ந்து தொகுத்தேன்.

மறுநாள் காலை ஸ்டோரைத் திறந்தபோது காய் பச்சையாகவே இருந்தது, அடுப்போரத் தட்டு ஒன்றைத் தவிர. மைத்துனர் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி என் சட்டைப்பையில் போட்டார்.

"வெளுத்தது உங்க பங்கு மச்சான். டீயில தட்டிப் போட்டுக்கங்க."