சீனியாரிட்டி பட்டியலில் நைனாவின் இடம்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைனா நல்லவர்தான், ஆனால் பெரிய பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தால் வீட்டில் நாங்கள் பட்டதும் உண்டு.

சிங்கவரத்தில் பிறந்த நைனா, படிப்பைப் பாதியில் விட்டு, செஞ்சியில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் சேர்ந்தார். எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் சூட்டில் நின்றே காலம் போனது. சங்கச் செயலாளராகவும் இருந்தார். அடுத்த ஃபோர்மேன் அவர்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

அப்போதுதான் முதலாளி வல்லத்திலிருந்த இன்னொரு மில்லையும் வாங்கி இரண்டையும் ஒன்றாக்கினார். செஞ்சிக்காரர்களின் பழைய சர்வீஸ் செல்லும், வல்லத்துக்காரர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று ஒப்பந்தம் எழுதி நைனாவிடம் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"ரெண்டு மில்லும் ஒண்ணுன்னு போர்டு மாட்டிட்டீங்க. அவுங்க ஒழைச்ச வருசம் மட்டும் எங்க போச்சி?" என்று கேட்டாராம்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் சைக்கிளில் வல்லம் போய்ச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். அங்கே அவரை முதலாளியின் ஆள் என்றார்கள். இங்கே கூட வேலை செய்தவர்களே பேச்சை நிறுத்தினார்கள். "ரெண்டு பக்கமும் திட்டுறானுங்க, அப்ப சரியாத்தான் போறேன்" என்று நைனா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள், "உன் சங்கத்துல நாங்க இல்லியா நைனா?" என்று கேட்டுவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

கடைசியில் இரண்டு மில் ஆட்களும் வேலையை நிறுத்தி ஒன்றாக மில் கேட்டில் உட்கார்ந்த பிறகே நிர்வாகம் இறங்கி வந்தது. எல்லோருக்கும் ஒரே சீனியாரிட்டி பட்டியல் ஒட்டினார்கள். அதில் நைனாவுக்கு மேலே வல்லத்துக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. ஃபோர்மேன் வேலை அவருக்குப் போனது.

"இன்னா நைனா இது?" என்றேன்.

"வயசுல சின்னவருதான். ஆனா என்னைவிட முன்னாடி வேலைக்கி சேந்தவரு. சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேயே முகம் கோணாமல் வேலை செய்தார்.

நைனா மூச்சுத் திணறி விழுப்புரத்தில் மருத்துவமனையில் இருந்தபோது, அந்த ஃபோர்மேன் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தார். சேர்க்கைச் சீட்டில் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதியவரும் அவர்தான். அவர் எங்கள் தெருக்காரர் அல்ல, சொந்தக்காரரும் அல்ல.

நைனாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த இரு மில் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஃபோர்மேனுக்கு மட்டும் இங்கே நன்றி சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்களைப் பாருங்கள். நைனாவின் தம்பிகளோடு அவர் பெயரும் இருக்கிறது. அச்சுப்பிழை என்று யாரும் போன் செய்ய வேண்டாம்.